கெடாமலிருக்கப் போடும் மருந்து

கடலூர் முதுநகர்
3.3.1964

மச்சான் அவர்களுக்கு, சிங்காரம் பணிவுடன் எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில், மேல்விலாசத்தை மட்டும் தனத்தை எழுதச் சொன்னேன். தங்கை எழுத்து என்றால் பிரிப்பீர்கள். இதற்காகவும் நீங்கள் என்னைத் திட்டலாம்.

பையனுக்குக் காது குத்தியதிலிருந்து நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அந்தக் கதையை நான் இப்போது எடுக்கவில்லை. வேறொரு காரியமாக எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை சிதம்பரம் வந்திருந்தேன். மேலவீதியில் நடனசபாபதி மருந்துக் கடையில் நம் பாலமுத்து டானிக் விற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுறா ஈரல் எண்ணெயோடு சர்க்கரைப் பாகும் பிசினும் சேர்த்து, நீங்கள் அன்று சொல்லிக்கொடுத்தபடி பால்போலக் கடைந்து புட்டியில் அடைக்கிறோமே, அதுதான். நான் உள்ளே நுழைந்தபோது புட்டிகளையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கித் தரையில் வைத்திருந்தார்.

"சிங்காரம், இதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிடு. டாக்டரம்மா ஒருத்தவங்க பார்த்துட்டுக் கேக்கறாங்க, இது கெடாம இருக்க என்னாத்த போடறான்னு."

"சோடியம் பென்சோயேட்டுங்க. லேபிள்லயே போட்டிருக்கே."

"அது என்னா பண்ணும்?"

"கெடாம வச்சிருக்கும்."

"பொணம் கெடாம இருக்கக்கூடத்தான் ஏதோ போடறாங்க. அதைப் புள்ளைக்கு ஊத்துவியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு அம்மா கையிலிருந்த புட்டியை மெதுவாகப் பலகைமேல் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சென்னையில் அந்தப் பொடியை விற்றவன், "எல்லாரும் போடறதுதான்" என்றான், வாங்கிவந்தேன். அது என்ன வஸ்து என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது மச்சான். நம் பையன் பழனிவேலே காலையும் மாலையும் அதைத்தான் குடிக்கிறான். குப்பத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் குடிக்கிறார்கள். அதுகளுக்கு மாலைக்கண் போகவேண்டும் என்றுதான் இந்தத் தொழிலையே தொடங்கினேன்.

கண்டக்டர் லூர்துசாமியிடம் இரண்டு புட்டி கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கல்லூரியில் வைத்துப் பார்த்து, போடலாம் அல்லது கூடாது என்று ஒரே ஒரு சொல் எழுதினால் போதும்.

சிங்காரம்

---

சிதம்பரம்
9.3.1964

திரு. சிங்காரம் அவர்களுக்கு,

தங்கையின் கையெழுத்தைத் தூண்டிலில் புழுவாக மாட்டியிருக்கிறீர்கள். நானும் மீன் பிடிக்கிற குலம்தான்; இருந்தும் கடித்த பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் எடுக்கவில்லை என்று சொன்ன கதையை நான் எடுக்கிறேன். பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவது நம் குப்பத்தில் எவரும் மாற்றாத வழக்கம். எனக்குப் பிள்ளை இல்லை. என் மடியில் உட்காருவதற்கு உலகத்தில் இருந்தது தனத்தின் மகன் ஒருவன். அன்று காலை செய்முறைத் தேர்வு வேலையை முடித்துவிட்டு ஓடிவந்தேன். ஆலப்பாக்கத்தில் பஸ் டயர் வெடித்தது. நான் அம்மன் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது பழனிவேல் சுப்புராயன் மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். சுப்புராயன் எங்கள் பெரியப்பா மகன், அவனும் தனத்துக்கு அண்ணன் முறைதான் என்பது உண்மை. உங்களுக்குச் சுறா ஈரல் கொடுப்பவன் அவன்தான் என்பதும் உண்மை. இரண்டில் எது உங்களை அவசரப்படுத்தியது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

எண்ணெய் பிரிந்து மேலே மிதக்காமல் கடைவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். லேபிளில் யார் பெயர் இருக்கிறது? ஒரு மீன் படம் இருக்கிறது. மீனுக்குக் கொடுத்த இடம் எனக்கு இல்லை.

நான் இதற்கெல்லாம் பழகியவன். என்னிடம் படித்த ஞானசேகரன் இன்று இங்கே விரிவுரையாளர். நான் அவன் வகுப்புக்குக் குடுவைகளை எடுத்துவைக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர். நல்ல தெருவில் வீடு கேட்டுப் போனால், எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, சமையலில் வாடை வருமோ என்கிறார்கள். நீங்களாவது என்னை மதித்திருக்கலாம்.

புட்டிகள் வந்தன. சோதித்துப் பார்ப்பேன். எப்போது என்று சொல்வதற்கில்லை. இதற்கிடையில் ஒன்றை யோசித்துக்கொண்டிருங்கள்: பெயர் மட்டுமே தெரிந்த ஒரு வெள்ளைப் பொடியை ஊர்ப் பிள்ளைகளின் வாயில் ஊற்றும் துணிச்சல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

ப. காசிநாதன், எம்.எஸ்ஸி.

---

கடலூர் முதுநகர்
14.3.1964

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் பாதியைத்தான் தனத்திடம் படித்துக் காட்டினேன். முழுதும் படித்தால் அழுவாள்.

காது குத்து விஷயத்தில் என்மேல் தப்புதான். ராகு காலம் வருகிறது என்று ஆசாரி பறந்தான். தனம் பஸ் வருகிறதா என்று ரோட்டிலேயே நின்றாள். "கொஞ்சம் பொறு, எங்கண்ணன் வந்துடும்" என்று அவள் சொல்லச் சொல்ல நான்தான் பிள்ளையைத் தூக்கி சுப்புராயன் மடியில் வைத்தேன். ஈரலுக்காக இல்லை. ஆனால் நீங்கள் அப்படிக் கேட்ட பிறகு, அப்படியும் இருந்திருக்குமோ என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

எனக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். அறியாமையிலிருந்து வந்தது. அதைத் தனமே என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

"ஏன்யா, தெரியாததைப் போடலாமா? போடறதுக்கு முந்தி எங்கண்ணனை ஒரு வார்த்தை கேட்டியா?"

"இப்பத்தான் கேட்டிருக்கேனே. இன்னும் பதில் வரலை."

"வரும். அது பாத்துதான் சொல்லும். உன்ன மாதிரி எட்டாவது பெயிலா அது? எங்க குப்பத்துலயே மொத எம்.எஸ்ஸி."

உங்கள் பதில் வரும்வரை பையனுக்கு ஊற்றமாட்டேன் என்று புட்டியைப் பரண்மேல் தூக்கி வைத்துவிட்டாள். குப்பத்தில் என் கூட்டாளி சின்னப்பிள்ளை வந்து, "உன் வீட்டுப் புள்ளைக்கே குடுக்கறதில்லையாமே, எங்க புள்ளைங்க என்னா எலியா?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம்.

அடைத்த சரக்கெல்லாம் அப்படியே நிற்கிறது. விற்கவும் மனமில்லை, கொட்டவும் மனமில்லை. ஒரே ஒரு சொல் எழுதுங்கள்.

சிங்காரம்

---

சிதம்பரம்
24.3.1964

திரு. சிங்காரம் அவர்களுக்கு,

சோதனை முடிந்தது.

நீங்கள் ஒரே சொல்லில் பதில் கேட்கிறீர்கள். விஞ்ஞானம் மளிகைக் கடை அல்ல. ஒரு பொருளைச் சட்டம் அனுமதிக்கிறது என்பது வேறு. அது ஒரு குழந்தையின் உடம்புக்குள் வருஷக் கணக்கில் இறங்கினால் என்ன ஆகும் என்பது வேறு. இதைப்பற்றி உலகத்தில் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். முடிந்த முடிவாக யாரும் சொல்லிவிடவில்லை.

எனக்கு ஒரு குழந்தை இருந்து, அது இந்த டானிக்கைக் குடிக்க வாயைத் திறந்தால் நான் ஊற்றுவேனா என்று யோசித்தேன். கை தயங்கும் என்றே தோன்றுகிறது. இதற்கு மேல் கடிதத்தில் எழுத எனக்கு விருப்பமில்லை.

விவரம் வேண்டுமானால் நேரில் வந்து கேட்கலாம். வெற்றிலை பாக்கோடு வரவேண்டும் என்று எழுதினால் சிரிப்பீர்கள். எழுதவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு உங்களுடையது.

ப. காசிநாதன்

---

கடலூர் முதுநகர்
12.4.1964

அன்புள்ள மச்சானுக்கு,

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! உங்கள் கடிதம் வந்த அன்றே முடிவு பண்ணிவிட்டேன். நீங்கள் உங்கள் குழந்தைக்குக் கொடுக்காததை நான் ஊரார் குழந்தைக்குக் கொடுக்கலாமா? இருந்த சரக்கை வண்டியில் ஏற்றி உப்பனாற்றில் கொட்டினோம். "டேய் சிங்காரம், இனிமே ஆத்து மீனுக்கெல்லாம் கண்ணு பளிச்சுன்னு தெரியும்டா" என்று கரையில் நின்றவர்கள் கேலி செய்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

புதுச் சரக்கு அந்தப் பொடி இல்லாமல் செய்தோம். அதற்குப் பதிலாக இன்னும் கொஞ்ச நேரம் காய்ச்சினேன். புட்டிகளைத் தனமே வெந்நீரில் கழுவினாள். புது லேபிள் அடித்திருக்கிறேன். இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன், பாருங்கள். "கெடாமலிருக்க எந்த மருந்தும் சேர்க்காதது. சிதம்பரம் ப. காசிநாதன், எம்.எஸ்ஸி. அவர்கள் ஆலோசனைப்படி தயாரித்தது." முன்பே போட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றாமல் போனது என் முட்டாள்தனம்.

நடனசபாபதி படித்துவிட்டு, "காசிநாதன் சார் உனக்கு மச்சானா? மொதல்லயே சொல்றதுக்கு என்னா? அவுங்க பேரு இருக்கும்போது எனக்கு என்னா பயம்" என்று எடுத்து முன்வரிசையில் வைத்துவிட்டார். சின்னப்பிள்ளை அவன் மகள் முத்தம்மாளுக்கு மறுபடி வாங்கிப்போனான். பழனிவேலுக்கும் தனம் ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். வெயில் தாங்காமல் வாடிக்கிடக்கும் பிள்ளைகளுக்கு எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

நேரில் வரமுடியாதபடி வேலை. ஆனால் வெற்றிலை பாக்கு, பழம், தனத்தின் அண்ணிக்கு ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் லூர்துசாமியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீங்கள் எழுதவில்லை என்றுதான் எழுதினீர்கள். நான் எழுதியதாகவே எடுத்துக்கொண்டேன்.

சிங்காரம்

---

சிதம்பரம்
20.4.1964

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாம் வந்து சேர்ந்தன. லோகநாயகிக்குத் துணி பிடித்திருக்கிறது. வெற்றிலைத் தட்டைப் பூஜை அலமாரியின் முன்னால் வைத்தாள்.

லேபிளைப் பார்த்தேன். மீன் இன்னும் என்னைவிடப் பெரிதாகத்தான் இருக்கிறது, போகட்டும். அச்சு நன்றாக விழுந்திருக்கிறது. "எம்.எஸ்ஸி." என்பதில் புள்ளிகள் சரியாக இருக்கின்றன. கல்லூரிக்கு எடுத்துப் போனேன். இரண்டு மூன்று பேர் கேட்டுப் பார்த்தார்கள். பியூன்கூட, "சார் பேரு கடையில தொங்குதே" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் சிரித்துப் பேசியது அன்றுதான்.

தனத்தை ஒரு நடை இங்கே அழைத்துவரலாமே. பையன் என்னை மறந்திருப்பான்.

மறந்துவிடுவேன், ஒரு சின்ன விஷயம்: வெயில் ஏறிக்கொண்டு போகிறது. புட்டியை நிழலில் வைக்கச் சொல்லுங்கள். திறந்ததைச் சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது. பயப்பட ஒன்றுமில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

லோகநாயகி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

காசிநாதன்

---

கடலூர் முதுநகர்
9.5.1964

மச்சான்,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பழனிவேல் பிழைத்துக்கொண்டான், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு கடையில் புட்டித் தக்கை தானாகவே பறந்திருக்கிறது. வெயிலுக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். நீங்கள் நிழலில் வைக்க எழுதியிருந்தீர்கள். தனத்திடம் சொன்னேன், கடைக்காரர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் பையன் வாயில் வைத்ததும் புளிக்கிறது என்று முகத்தைத் திருப்பியிருக்கிறான். தனம் மூக்கைப் பிடித்து ஊற்றியிருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லி வாசலில் உட்கார்ந்து அழுகிறாள்: "மாமா பேரு போட்ட புட்டிடா, கண்ண மூடிக்கிட்டுக் குடின்னு நான்தான்யா ஊத்தினேன்."

வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. குளுக்கோஸ் ஏற்றி மீட்டார்கள். குப்பத்தில் இன்னும் பல பிள்ளைகளுக்கு இதே கதி. எல்லாம் நம் டானிக் குடித்தவர்கள். சின்னப்பிள்ளை மகள் முத்தம்மாள்தான் மோசம். அடுத்த கட்டிலில் கிடக்கிறாள். இன்னும் தலை தூக்கவில்லை. சின்னப்பிள்ளை என்னைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். திட்டினால்கூடத் தேவலை.

டாக்டர் கேட்டார்: "முன்னால என்னமோ சேர்த்துக்கிட்டிருந்தியே, அதை ஏன்யா எடுத்த? யார் சொல்லி எடுத்த?"

"நானாத்தாங்க எடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

சுகாதார அதிகாரி வருவதற்குள், பட்டறையில் இருந்த புட்டிகளைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து லேபிளையெல்லாம் உரித்துவிட்டேன். சிதம்பரத்துக்கும் ஓடி நடனசபாபதியிடம் மிச்சத்தை வாங்கிவந்தேன். அவர் என்னைப் படியேற விடவில்லை. சாக்கடை ஓரம் நின்று வாங்கிக்கொண்டேன். உங்கள் பெயர் இதில் எங்கும் வராது. உங்கள் உத்தியோகத்துக்குப் பழுது வரக்கூடாது. அதிகாரி, பரண்மேல் மிச்சமிருந்த பழைய புட்டி ஒன்றும் புதுசு ஒன்றும் எடுத்து சென்னைக்குச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

நீங்கள் நல்லதற்குத்தான் சொன்னீர்கள். நான்தான் எங்கேயோ கைத்தப்புச் செய்திருக்கிறேன். காய்ச்சியது போதவில்லையா? புட்டியில் ஈரம் நின்றுவிட்டதா? எங்கே தப்பு என்று மட்டும் எழுதுங்கள். மறுபடி தொழில் செய்வதற்காக இல்லை. தெரிந்துகொள்ளாமல் என்னால் அந்தப் பெண்ணின் கட்டிலைத் தாண்டி நடக்கமுடியவில்லை.

சிங்காரம்

---

சிதம்பரம்
18.5.1964

சிங்காரம்,

தப்பு உங்கள் கையில் இல்லை. காய்ச்சியதிலும் இல்லை, கழுவியதிலும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று பதில் எழுத உட்கார்ந்தேன். வெயில், தண்ணீர், தக்கை என்று என்னென்னவோ எழுதத் தோன்றியது. அப்படி ஒரு கடிதத்தை எழுதியும் முடித்தேன். மறுநாள் அதைத் தபாலில் போடுவதற்காகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனபோது ஞானசேகரன் என் மேஜைக்கு வந்தான். கடலூர் விஷயம் பத்திரிகையில் சின்னதாக வந்திருந்தது.

"சார், அந்த டானிக்தானே உங்க பேர் போட்டது? பென்சோயேட்டை எடுக்கச் சொன்னீங்களா?"

"ஏன்?"

"இல்ல சார், நீங்கதானே எங்களுக்கு நடத்தினீங்க, அந்த அளவுல அது ஒண்ணும் பண்ணாதுன்னு. அதான் வேற ஏதாவது புதுசா கண்டுபிடிச்சிருக்காங்களோன்னு கேட்டேன்."

அவன் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். என்னிடம் இன்னும் கற்றுக்கொள்ள வந்து நின்றான். நான் ஒரு குடுவையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

உங்கள் புட்டி வந்த மறுநாளே சோதித்துவிட்டேன். நீங்கள் சேர்த்த அளவு, சட்டம் அனுமதிக்கும் அளவில் பாதிகூட இல்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அது தீங்கு செய்யும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிள்ளையின் ஈரல் அதை மாற்றிவிடும், சிறுநீரில் போய்விடும். மீன் வாடை போக நீங்கள் எலுமிச்சைச் சாறு விடுகிறீர்கள். அந்தப் புளிப்பில்தான் அது நன்றாக வேலை செய்யும். தெரியாமலேயே சரியாகச் செய்திருந்தீர்கள். சர்க்கரையும் தண்ணீரும் பிசினும் சேர்ந்த ஒன்றை, கோடையில், அது இல்லாமல் புட்டியில் அடைத்தால் என்ன ஆகும் என்று முதல் வருஷ மாணவனுக்குத் தெரியும். பயப்பட வேண்டியது அந்தப் பொடியைப் பார்த்து அல்ல. அது தடுத்துக்கொண்டிருந்த அழுகலைப் பார்த்து.

இதை ஒரு அஞ்சலட்டையில் எழுதியிருக்கலாம். நீங்கள் கேட்ட ஒரே சொல், "போடலாம்."

மார்ச்சில் உங்களுக்கு நான் எழுதிய கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. அப்படிப் பார்த்துப் பார்த்து எழுதினேன். நீங்கள் பயந்துபோய், பஸ் ஏறி, தட்டோடு என் வாசலில் வந்து நிற்கவேண்டும். அப்போது கதவைத் திறந்து, "அட, இதற்கா பயந்தீர்கள்" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். நீங்கள் என்னை இவ்வளவு நம்புவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. என்னை யாரும் அப்படி நம்பிப் பழக்கமில்லை.

ஆற்றில் கொட்டிவிட்டேன் என்று எழுதினீர்களே, அன்றாவது சொல்லியிருக்கலாம். அன்று நான் அச்சிலிருந்த என் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிழலில் வைக்கச் சொல்லி எழுதியது எதற்கு என்று எனக்குத் தெரியும். நாளைக்கு ஏதாவது ஆனால், எச்சரித்தேன் என்று சொல்லிக்கொள்வதற்கு. அதைக்கூட நீங்கள் உங்கள் மறதி என்று எழுதிவிட்டீர்கள்.

என் பெயரை மறைத்ததற்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. சுகாதார அதிகாரிக்கு நானே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நடனசபாபதி கடைக்கும் போய்ச் சொல்லிவிட்டேன்.

முத்தம்மாள் எப்படி இருக்கிறாள்?

காசிநாதன்

---

கடலூர் முதுநகர்
1.6.1964

மச்சானுக்கு,

முத்தம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி குடிக்கிறாள். சின்னப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். என்னோடு பேச்சில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் சென்னையிலிருந்து சோதனை முடிவு வந்தது. அதிகாரி கூப்பிட்டனுப்பினார். "பழைய புட்டி இவ்வளவு நாளாகியும் சுத்தமா இருக்குய்யா. நீ போட்டிருந்ததும் அளவாத்தான் இருக்கு. நல்லாயிருந்ததைக் கெடுத்துட்டு வந்து நிக்கறியே" என்றார். திரும்பி வரும்போது எனக்குப் புரிந்துவிட்டது. இது எங்கள் மச்சானுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்று எட்டாவது பெயிலானவனுக்குக்கூடப் புரிந்தது. ஏன் என்பதுதான் புரியவில்லை. மறுநாள் உங்கள் கடிதத்தில் அதுவும் புரிந்தது.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். காதைக் குத்தியது என் தப்பு என்றால் என்னை அடித்திருக்கலாம், நாலு பேர் எதிரில் செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

இனி அதைப் பேசி ஆகப்போவது இல்லை. வழக்கு வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இப்போது கவலை தனம்தான். தன் கையால் ஊற்றித்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாள். குழாயடியில் யாராவது உங்களைப்பற்றி ஏதாவது கேட்டால், "எங்கண்ணன் அப்பவே நெழல்ல வையின்னு எழுதிச்சு, நாங்கதான் கேக்கல. அதைக் கொற சொன்னா நாக்கு அழுவிப்போயிடும்" என்று சண்டைக்குப் போகிறாள்.

உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. நான் சொன்னால், என் தப்பை மறைக்க அவள் அண்ணன்மேல் பழி போடுகிறேன் என்பாள். நீங்கள் வந்து, உங்கள் வாயால் சொல்லுங்கள். வேறு எதுவும் எனக்கு நீங்கள் செய்யவேண்டாம்.

சிங்காரம்

---

சிதம்பரம்
9.6.1964

மாப்பிள்ளைக்கு,

நேற்று வந்தேன். நீங்கள் நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தீர்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். தனத்திடம் தனியாகச் சொல்லிவிடலாம்.

அவள் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். "என்னாண்ணே, இப்படி எளைச்சிட்ட? அண்ணி சோறு போடுதா, இல்ல புத்தகத்தையே திங்கச் சொல்லுதா?" என்று சிரித்தாள். அவள்தான் பாதியாக இருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

பழனிவேலைக் கூப்பிட்டு, "மாமாவைக் கும்புட்டுக்கடா" என்றாள். அவன் கும்பிட்டான். நான் அவன் தலையில் கை வைத்தேன். எந்தக் கையை வைக்கிறேன் என்று எனக்குத் தெரிந்துதான் வைத்தேன்.

"தனம், ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

"சாப்புட்டுட்டுச் சொல்லு. வெயில்ல வந்திருக்க."

இலை போட்டாள். நெத்திலிக் குழம்பு. அவளே பேசினாள். "புள்ள புளிக்குதுன்னு சொல்லிச்சுண்ணே. நான் கேக்கல. நீ எவ்வளவு படிச்சவன், நெழல்ல வையின்னு எழுதின. அதையும் ஒழுங்கா கேக்கல. பெத்தவ கையே புள்ளைக்கு எமனா போச்சு பாத்தியா?"

"அப்படிச் சொல்லாதே. அது..."

"இன்னும் கொஞ்சம் ஊத்தறேன், இரு."

ஊற்றினாள். நான் சாப்பிட்டேன். கடைசிவரை சாப்பிட்டேன். கை கழுவினேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுவரை பையன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் வழியனுப்பினாள். பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் அவளைப் பார்க்காமல் டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாயால் சொல்லுங்கள் என்று நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டீர்கள். அதையும் செய்யவில்லை. என் வாய்க்கு அவ்வளவு யோக்கியதை இல்லை என்று தெரிந்துகொண்டேன். இதற்குக் கீழே இருப்பது அவளுக்கு. இந்தத் தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள். அவளே படிக்கட்டும்.

தனம்,

நீ எழுத்துக்கூட்டிப் படிப்பாய் என்பதால் சின்னச் சின்னதாக எழுதுகிறேன்.

டானிக் கெடாமலிருக்க உன் புருஷன் முன்னால் போட்ட மருந்து நல்ல மருந்து. பிள்ளைகளுக்கு அது ஒன்றும் செய்யாது. அது எனக்கு அப்போதே தெரியும். போடலாமா என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்கு அவர்மேல் கோபம். அதனால், கூடாது என்று அவர் நினைக்கும்படி எழுதினேன். அவர் என்னை நம்பி எடுத்துவிட்டார். எடுத்ததால் கெட்டது. குடித்ததால் பிள்ளைகள் படுத்தார்கள். நிழலில் வைத்திருந்தாலும் கெட்டுத்தான் போயிருக்கும்.

என் பேரைப் பார்த்துத்தான் நீ ஊற்றினாய். உன் கைமேல் தப்பில்லை. உன் புருஷன்மேலும் இல்லை. முத்தம்மாளின் அம்மாவிடம் நீயே போய் இதைச் சொல்லலாம்.

நேற்று இதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லாமல் நீ போட்ட சோற்றைத் தின்றுவிட்டு வந்தேன்.

நீ சாப்பிடு, தனம்.